ஹவாய் வெள்ளைச் செம்பருத்தி வாங்கினவங்களுக்கு, நர்சரியில இருந்து ஒரு மடல்

வணக்கங்க. ஆடியில இருந்து நம்மகிட்ட ஹவாய் வெள்ளைச் செம்பருத்தி வாங்கினவங்க எல்லாருக்கும் சேர்த்து இதை எழுதுறேன். வாட்ஸ்அப்ல ஒவ்வொருத்தருக்கா பதில் சொல்லி கட்டைவிரல் தேஞ்சு போச்சு, கேக்குற கேள்வியும் பூரா நாலஞ்சு தான், அதையே திருப்பித் திருப்பி டைப் பண்றேன். பார்சல்லயே ஒரு பேப்பர் மடிச்சு வச்சு அனுப்பியிருந்தா இவ்வளவு குழப்பம் வந்திருக்காது. வைக்கல, அது எங்க தப்பு தான்.

முதல்ல ரோஸ் கலர் விஷயத்தைச் சொல்லிடறேன். "அண்ணா, வெள்ளைன்னு காசு வாங்கிட்டு ரோஸ் செடிய அனுப்பிட்டீங்களே"ன்னு சேலத்துல இருந்து ஒரு அக்கா சாயங்காலம் ஆறு மணிக்கு போட்டோ போட்டாங்க. நான் ஒண்ணும் சொல்லல, நாளைக்குக் காலைல அடுத்த மொக்கு விரியும்போது ஒரு போட்டோ எடுங்கன்னு மட்டும் சொன்னேன். மறுநாள் ஏழு மணிக்கு வந்துச்சு பாருங்க, நல்ல வேட்டி வெள்ளை, நடுவுல செக்கச்செவேல்னு நீட்டமா மகரந்தத் தண்டு. எங்ககிட்ட இருக்கிற தாய்ச்செடியோட குணம் அது, காலைல வெள்ளையா விரிஞ்சு பொழுது சாயச் சாய லேசா ரோஸ் அடிக்கும். அந்த சிவப்புத் தண்டு தான் உங்களுக்கு அடையாளமும். நம்ம ஊர்ல சாதாரணமா கிடைக்கிற வெள்ளைச் செம்பருத்தியில தண்டும் வெள்ளையாத்தான் இருக்கும், அதையே "ஹவாய் வெள்ளை"ன்னு பேரு மாத்தி விக்கிறவங்க இருக்காங்க, வாங்கி ஏமாந்தவங்கள்ல நானும் ஒருத்தன்.

இன்னொரு அடையாளம் வாசம். செம்பருத்திக்கு வாசமான்னு எல்லாரும் சிரிக்கிறாங்க, இந்த இனத்துக்கு நிஜமாவே வாசம் உண்டு. ஆனா மல்லிகை மாதிரி மாடிப்படி ஏறும்போதே வரும்னு நினைச்சு வாங்கிட்டு "வாசமே இல்லயே"ன்னு சொல்லாதீங்க. காலைல வெயில் ஏறுறதுக்கு முன்னாடி மூக்கை பூவுக்குள்ள கொண்டு போகணும், மெல்லிசா ஒரு இனிப்பு வாசம், அவ்வளவு தான். சளி பிடிச்சிருந்தா அதுவும் கிடைக்காது.

இது எங்கேருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா எப்படி வளர்க்கணும்னு பாதி புரிஞ்சிடும். சொந்த ஊர் ஹவாய் தீவுகள்ல ஓவாஹுவும் மொலோகாயும். ஓவாஹுவுல கூலாவ், வயனாயேன்னு ரெண்டு மலைத்தொடர், அங்க ஈரக் காட்டுல புதரா ஆரம்பிச்சு நல்லா வளர்ந்தா சின்ன மரமாவே நிக்கும். அந்த ஊர்க்காரங்க கோகியோ கெயோகெயோன்னு சொல்லுவாங்க, கெயோகெயோன்னா வெள்ளை. ஹவாயோட மாநிலப் பூ இது தானேன்னு சிலர் கேட்டிருந்தீங்க, இல்லங்க, 1988-ல அறிவிச்சது வேற செம்பருத்தி, அது மஞ்சள். மொலோகாயில மட்டும் இதோட ஒரு கிளையினம் இருக்கு, தண்டு உள்பட பூரா வெள்ளை, மறு இல்லாததுன்னு அர்த்தம் வர்ற மாதிரி இம்மாகுலேட்டஸ்னே பேர் வச்சிருக்காங்க. அதை 1992-ல அழியுற நிலையில உள்ள செடின்னு அமெரிக்க அரசு பட்டியல்ல சேர்த்துச்சு. அது எங்ககிட்ட கிடையாது, யாராவது தர்றேன்னு சொன்னா வாங்கவும் வாங்காதீங்க.

மொலோகாயில காட்டுச் செடிகளை மேய்ஞ்சு தள்றது ஆடும் பன்னியும் மட்டும் இல்ல, மானும் தான். என்ன மான்னு நினைக்கிறீங்க, நம்ம ஊரு புள்ளிமான்! 1860-கள்ல ஹவாய் ராஜாவுக்குப் பரிசா கப்பல்ல கொண்டு போய் விட்டது, புலி சிறுத்தை எதுவும் இல்லாத தீவுல பெருகிப் பெருகி இன்னிக்கு அங்க பெரிய தலைவலி. நம்ம செம்பருத்தியோட விஞ்ஞானப் பேர்லயும் நம்ம பக்கத்தோட தொடர்புள்ள ஆள் ஒருத்தர் வர்றார். ஹிபிஸ்கஸ் ஆர்னாட்டியானஸ்னு அமெரிக்கத் தாவரவியல் அறிஞர் ஆசா கிரே 1854-ல வச்சது, அந்த ஆர்னாட் ஸ்காட்லாந்துக்காரர், 1834-ல ராபர்ட் வைட்டோட சேர்ந்து தென்னிந்தியச் செடிகளைப் பத்தி புத்தகம் போட்டவர். வைட் யாருன்னா, பின்னாடி கோயம்புத்தூர் பக்கம் பருத்தி சாகுபடி சோதனை நடத்தினாரே அதே டாக்டர். பருத்தியும் செம்பருத்தியும் ஒரே குடும்பம், பேர்லயே இருக்கு பாருங்க.

சரி, வளர்ப்புக்கு வர்றேன். பார்சல் பிரிச்சதும் இலை மொத்தமா கொட்டினா பயப்பட வேண்டாம், மூணு நாள் இருட்டுப் பெட்டிக்குள்ள இருந்துட்டு வருது. நகத்தால தண்டை லேசா கீறிப் பாருங்க, உள்ள பச்சையா இருந்தா உயிர் இருக்கு. நிழல்ல பத்துப் பதினஞ்சு நாள் வச்சிருங்க, உரம் எதுவும் போடாதீங்க, கணுவுல துளிர் வந்த பிறகு தான் தொட்டி மாத்தணும். வந்த அன்னிக்கே பெரிய தொட்டியில வச்சு பூஜை போட்டு ரெண்டு குடம் தண்ணி ஊத்துனவங்க செடி தான் அதிகமா போயிருக்கு.

பெரிய தொட்டி தப்பை நாங்களே பண்ணியிருக்கோம். போன வருஷம் ஐப்பசியில முப்பது கன்னை சீக்கிரம் வளரட்டும்னு நேரா பதினாறு இன்ச் பைக்கு மாத்தினோம், கலவையில பாதிக்கு மேல கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), அப்புறம் அடைமழை பிடிச்சுக்கிச்சு. மேல பாத்தா மண்ணு காஞ்ச மாதிரி இருக்கும், பைக்குள்ள கைய விட்டா பிழிஞ்சா ஒழுகும். பதினோரு கன்னு வேர் அழுகிப் போச்சு, இழுத்தா வேரோட தோல் மட்டும் உருவிக்கிட்டு வந்து உள்ள நூல் மாதிரி நிக்குது. ஈரக்காட்டுச் செடின்னாலும் அது மலைச்சரிவுல நிக்கிற செடிங்க, மழை பெய்யும், பெஞ்ச தண்ணி நிக்காம ஓடிடும். அதனால இப்ப எங்க கலவை செம்மண் ரெண்டு பங்கு, ஆத்து மணல் இல்லாட்டி பெர்லைட் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, கோகோபீட் அரைப் பங்கு. முதல்ல எட்டு இன்ச் தொட்டி, அது வேரால நிரம்பினதும் பன்னெண்டு, அப்புறம் தான் பதினாறு.

அடுத்து மஞ்சள் இலை, உங்கள்ல பாதிப் பேரோட போட்டோ இதான். இலை முழுசும் ஒரே மாதிரி மஞ்சளாகி அடியில இருந்து உதிர்ந்தா தண்ணி கூடுதல் இல்லனா பழைய இலை, விடுங்க. புது இலை மஞ்சளா, நரம்பு மட்டும் பச்சையா வலை மாதிரி தெரிஞ்சா அது இரும்புச் சத்துப் பிரச்சினை, காரணம் பெரும்பாலும் உங்க போர் தண்ணி. உப்புத் தண்ணி, சுண்ணாம்புத் தண்ணி ஊத்த ஊத்த மண்ணுல இரும்பு இருந்தாலும் செடியால எடுக்க முடியாது. சென்னை அண்ணா ஒருத்தர் ஆர்ஓ மிஷின்ல வெளிய போற தண்ணிய வீணாக்க மனசு வராம தினம் இந்தச் செடிக்கு ஊத்தியிருக்கார், நல்ல எண்ணம் தான், ஆனா அதுல இருக்கிறதே வடிகட்டி ஒதுக்கின உப்பு. மாடியில மழை பெஞ்சா ரெண்டு டிரம் பிடிச்சு வச்சுக்குங்க, முடியாதவங்க மாசம் ஒரு தடவை தொட்டி அடியில ஒழுகுற அளவுக்கு நல்ல தண்ணி விட்டு உப்பைக் கழுவுங்க, கூடவே செலேட் பண்ண இரும்பு, அதாவது செடி சுலபமா எடுத்துக்கிற மாதிரி தயாரிச்ச இரும்புச் சத்து, உரக்கடையில கேட்டு பாக்கெட்ல போட்டிருக்கிற அளவுக்குக் குடுங்க.

உரம்னதும் எல்லார் கையும் டிஏபிக்குத் தான் போகுது. அதுல மணிச்சத்து (பாஸ்பரஸ்) பாஸ்பேட் கணக்குல 46 சதவீதம், செம்பருத்திக்கு அது ஆகாது, கூடினா இரும்பு எடுக்கிறது இன்னும் குறையும். மணிச்சத்து கம்மியா, சாம்பல் சத்து (பொட்டாஷ்) தூக்கலா இருக்கிற உரமா பாத்து கொஞ்சமா பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை குடுத்தா போதும். வெங்காயத்தோல் தண்ணி, அரிசி கழுவின தண்ணி எல்லாம் ஊத்துறது உங்க இஷ்டம், நான் தடுக்கல, அதை நம்பி மத்ததை விட்டுடாதீங்க.

வெயில் காலைல நாலு மணி நேரம் நல்லா படணும். ஏப்ரல் மே மட்டும் மதியத்துக்கு ஐம்பது சதவீத நிழல்வலை கட்டுங்க, இல்லனா மொக்கு பட்டாணி அளவுல மஞ்சளாகி கொட்டிடும். ஒரு நாள் காயப்போட்டு மறுநாள் வெள்ளமா ஊத்தினாலும் மொக்கு கொட்டும்.

மாவுப்பூச்சி வராம இருக்காது, செம்பருத்தின்னாலே அதுக்கு விருந்து. நுனி இலை சுருங்கி முடிச்சு மாதிரி ஆச்சுன்னா பிரிச்சுப் பாருங்க, உள்ள வெள்ளையா இருக்கும். அந்த நுனிய கிள்ளி பிளாஸ்டிக் கவர்ல போட்டு கட்டித் தூக்கிப் போடுங்க, பக்கத்துத் தொட்டி மேல உதறாதீங்க. மீதிக்கு ஹோஸ்ல வேகமா தண்ணி அடிச்சுட்டு, சாயங்காலமா ஒரு லிட்டர் தண்ணிக்கு அஞ்சு மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப் கரைச்சு இலைக்கு அடியிலயும் அடிங்க, வாரம் ஒண்ணுன்னு மூணு தடவை. எறும்பு வரிசை ஏறுதான்னும் பாருங்க, அதுங்க தான் பூச்சிக்குக் காவல்.

பூ புதுக் கிளையில தான் வரும், அதனால தை கடைசியில மூணுல ஒரு பங்கு வெட்டி விடுங்க, கோடையில கத்திரியை எடுக்கவே எடுக்காதீங்க. வெட்டின குச்சியில பென்சில் கனமா இருக்கிறதை ஒரு ஜாண் நீளத்துக்கு நறுக்கி ஈர மணல்ல சொருகி கவர் போட்டு மூடினா ஆறேழு வாரத்துல வேர் விடும், தாராளமா அக்கம்பக்கம் குடுங்க, நாங்க கோவிச்சுக்க மாட்டோம். விதை கேக்குறவங்களுக்கு மட்டும் இல்லைன்னு சொல்லிட்டு இருக்கோம், ஏன்னா இது மத்த செம்பருத்தியோட சுலபமா கலந்துடும், எங்க தோட்டத்துல பக்கத்துலயே இருபது ரகம் நிக்குது, அந்த விதையில என்ன வரும்னு எங்களுக்கே தெரியாது. அதனால நாங்க விக்கிறது பூரா பதியன் கன்னு தான்.

செடி கிடைச்சு பதினஞ்சு நாளுக்குள்ள தண்டு கீறிப் பாத்து பழுப்பா இருந்தவங்க போட்டோ அனுப்புங்க, வேற கன்னு அனுப்புறோம், கூரியர் செலவும் எங்களது. அடுத்த பேட்ச் கார்த்திகை மழை விட்டதுக்கு அப்புறம் தான், அதுக்கு முன்னாடி கேட்டு போன் பண்ணாதீங்க, வேர் இன்னும் பிடிக்கல.