தம்பி நடக்கிறதை மறைக்க வேண்டியிருக்குங்க

கொங்கு மாவட்டங்களின் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர்களுக்கு,

வணக்கமுங்க. சென்னிமலைப் பக்கத்து ஊர்க்காரி நான். தறிப்பட்டறையில் வேலை பார்த்த என் தம்பி மொபெட்டில் போகையில் விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டு ஐந்து வருசம் ஆகிறது. 80 சதவீதம் பாதிப்பு என்று சான்று, நீல நிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை. சிறுநீர்க் குழாய்க்கும் மாத்திரைக்குமே அது சரியாகப் போய்விடும்.

தை மாதம் ஆசாரத்து (வீட்டுக் கூடத்து) தூணைப் பிடித்து எழுந்து நின்றான். பங்குனிக்குள் வாக்கரோடு பதினைந்து எட்டு வைத்தான். அம்மா அழுதார். அப்புறம் எழுந்து போய் முன்கதவைச் சாத்தினார். "வெளிய நடக்காத சாமி, யாராச்சும் பாத்தா காசை நிறுத்திப்போடுவாங்க." அன்றிலிருந்து அவன் நடைப் பயிற்சி ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்தான்.

வருசா வருசம் வாழ்நாள் சான்று கேட்கிறீர்கள். ஆள் உயிரோடு இருக்கிறார் என்று வி.ஏ.ஓ. கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. எப்படி இருக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. நாங்களாகச் சொல்லலாம் என்று ஒரு அலுவலகத்தில் விசாரித்தேன். "எதுக்கும்மா வம்பு, இருக்கிறபடி இருக்கட்டும்" என்றார் ஒருவர். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 91வது பிரிவு, மோசடியாகச் சலுகை பெற்றால் இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், இரண்டும்கூட என்கிறது. சொன்னால் பணம் போகும், சொல்லாவிட்டால் கேஸ் வருமோ என்று தூக்கம் போகிறது.

கடுமையாகப் பாதிக்கப்பட்டவர் என்று இந்த உதவித்தொகை வாங்க 75 சதவீதம் வேண்டும். நாளைக்கு மருத்துவக் குழு 70 என்று எழுதினால் இந்தத் தொகை மொத்தமாக நின்றுவிடுமோ என்று பயம். அந்தப் பத்தைக் குறைத்ததும் அவனால் தறி ஓட்ட முடிந்துவிடுமா? நின்றபடி தறியில் நாடா (குறுக்கு நூல் கொண்டுபோகும் ஓடம்) மாற்றவே இன்னும் எத்தனை காலமோ.

எங்கள் வீதியிலேயே இதற்கு நேர் எதிராகவும் ஒருவர் இருக்கிறார். சின்ன வயதில் போலியோ வந்தவர். சான்றில் 60 சதவீதம். அப்போது தடியூன்றி நடந்தார், இப்போது தவழ்கிறார். மறுமதிப்பீடு கேட்கலாம் என்றே அவருக்குத் தெரியாது.

அதனால் கேட்கிறேன். உடல்நிலை மாறினால் யாரிடம், எந்தத் தாளில் சொல்வது என்று வி.ஏ.ஓ. அலுவலகச் சுவரில் தமிழில் ஒட்டுங்கள். தானாக வந்து சொன்னவரை மோசடிக்காரராகப் பார்க்க மாட்டோம் என்று எழுத்தில் கொடுங்கள். குழுவின் முடிவு வரும்வரை பணத்தை நிறுத்தாதீர்கள். குறைந்தாலும் ஒரே வெட்டாக வெட்டாமல் படிப்படியாகக் குறையுங்கள். மறுமதிப்பீட்டை தாலுகா ஆஸ்பத்திரியிலேயே வையுங்கள். ஈரோடு போய்வர எங்களுக்கு வாடகைக் கார் பிடிக்க வேண்டியிருக்கிறது.

வருகிற திங்கட்கிழமை குறைதீர் நாளுக்கு இந்த மடலின் நகலோடு தம்பியையும் கூட்டி வருகிறேன். வாக்கரோடு வருவதா, சக்கர நாற்காலியிலா என்று வீட்டில் இன்னும் பேச்சு ஓயவில்லை.

இப்படிக்கு,
ஓர் அக்கா