சாயம் வர்றது ராத்திரி, சாம்பிள் எடுக்கறது பகல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க,

நமக்கு நொய்யல் கரையில, ஒரத்துப்பாளையம் டேமுக்கு மேல தோட்டம். போன ஐப்பசில ஒரு ராத்திரி நல்ல மழை, மோட்டார நிறுத்தப் போனவன் டார்ச் அடிச்சுப் பாத்தா ஆத்துல தண்ணி கருஞ்செவப்பா நொரை கட்டிட்டுப் போகுது, நாத்தம் மூக்கத் தொளைக்குது. அப்பவே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோட புகார் நம்பருக்குப் போன் போட்டேன், எடுத்தவரு மரியாதையாத்தான் பேசுனாரு. ஆனா ஆளு வந்தது மூணாம் நாள் காலைல 11 மணிக்கு, அதுக்குள்ள மழைத்தண்ணி எல்லாத்தையும் அடிச்சுட்டுப் போயிருச்சு. ஒரு பாட்டில்ல புடிச்சு ஐஸ் பெட்டிக்குள்ள வச்சுட்டுக் கெளம்பிட்டாரு. ரிசல்ட் என்னங்கன்னு நாலு தடவ கேட்டப்பறம் வாய்வார்த்தையா சொன்னாங்க, எல்லாம் அளவுக்குள்ளதான் இருக்குதாமா.

வந்தவரக் குத்தம் சொல்லலைங்க, அவரு புடிச்ச தண்ணி நெசமாவே அளவுக்குள்ளதான் இருந்திருக்கும். வெள்ளம் வந்து கலந்தா உப்பு அளவு தன்னால எறங்கிரும், அது தெரிஞ்சுதான சாயப்பட்டறைக் கழிவ மழை பேயற ராத்திரியாப் பாத்துத் தொறந்து விடறாங்க!

என்ற மக பேனா மாதிரி ஒரு டிடிஎஸ் மீட்டர், தண்ணில கரைஞ்சிருக்கற உப்ப அளக்கறது, வாங்கியாந்து குடுத்துச்சு. எங்க கெணத்துல முக்குனா 2,800க்கு மேல காட்டுது. குடிக்கிற தண்ணிக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேற வழியே இல்லீன்னா 2,000 வரைக்கும்னு கணக்கு வச்சிருக்காங்க. ஆனா அந்த மீட்டர் தண்ணில கரண்ட் எவ்வளவு பாயுதுன்னு பாத்துத்தான் உப்பக் கணக்குப் போடுது, சாயமோ பூச்சி மருந்தோ சாக்கடைக் கிருமியோ அதுக்குத் தெரியாது. அதுக்கெல்லாம் லேப்தான் வேணும். பிஓடி டெஸ்ட்டுன்னு ஒண்ணு, தண்ணில இருக்கற கழிவ மக்க வைக்க எவ்வளவு ஆக்சிஜன் செலவாகுதுன்னு பாக்கறது, அதுக்கு மட்டுமே மூணு நாள் ஆகுமாமா. ஆகட்டும், ஆனா சாம்பிளயே மூணு நாள் கழிச்சு எடுத்தா எப்புடிங்க?

பழசு தெரியாதவிங்களுக்குச் சொல்றேன். ஒரத்துப்பாளையம் டேம் 1992ல தொறந்தாங்க, பாசனத்துக்குன்னு கட்டுனது சாயத்தண்ணித் தொட்டி ஆயிருச்சு, தண்ணி விடுங்கன்னு கேக்க வேண்டிய விவசாயிங்களே விடாதீங்கன்னு கோர்ட்டுக்குப் போனாங்க. 2011 ஜனவரில ஹைகோர்ட்டு திருப்பூர் சாயப்பட்டறைகள மூடச் சொல்லுச்சு, சொட்டுத் தண்ணி வெளிய விடக்கூடாது, சுத்தம் பண்ணித் திரும்ப நீங்களே பயன்படுத்தணும்னுதான் கண்டிஷன். அப்படி நெறையப் பேரு ஒழுங்கா நடத்தறாங்க, ஆர்ஓ போட்டு, மிஞ்சறதக் காய்ச்சி உப்பா எடுக்கறாங்க, அதுக்கு ஆகற செலவும் கொஞ்ச நஞ்சமில்ல. அந்தச் செலவ மிச்சம் புடிக்கிற யாரோ ஒருத்தர் பண்றதுதான் இது. சொட்டு விடக்கூடாதுன்னு இருக்கறப்ப ஆத்துல கலர் தெரிஞ்சாலே தப்புதான, அதுக்கப்பறம் அளவுக்குள்ள இருக்குது அளவுக்கு வெளிய இருக்குதுன்னு என்ன பேச்சு?

கெணத்துத் தண்ணில சோப்புப் போட்டா நொரையே வரதில்ல, வரப்போரம் உப்புப் பூத்து வெள்ளையாக் கெடக்குது, தென்ன மரத்துல மட்ட நுனி கருகுது. மாட்டுக்குக் கூட மேல்நிலைத் தொட்டித் தண்ணிதான்.

நாங்க கேக்கறது பெருசில்லீங்க. மழை ராத்திரில ஒரு ஆளு ஐஸ் பெட்டியோட டூட்டில இருக்கட்டும். எந்த எடத்துல, எந்தத் தேதி, எத்தன மணிக்குப் புடிச்ச தண்ணி, என்ன ரிசல்ட்டுன்னு தமிழ்ல எழுதி பஞ்சாயத்து ஆபீஸ் போர்டுல ஒட்டட்டும். மணி போடறதுதான் முக்கியம், அதப் போட்டாலே பாதி விசயம் வெளிய வந்துரும்.

அன்னிக்கு ராத்திரி நானும் ஒரு பாட்டில்ல புடிச்சு வச்சேன், இன்னும் பரண் மேலதான் இருக்குது, அடில கருப்பாப் படிஞ்சிருக்குது. கொண்டுட்டுப் போயிக் காட்டுனதுக்கு, ஐஸ்ல வைக்காத சாம்பிள் செல்லாதுன்னுட்டாங்க.

இப்படிக்கு,
நொய்யல் கரை விவசாயி ஒருவர்