செஞ்சிக் கோட்டை என்பது மலையுச்சி மட்டுமல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 ஜூலையில் மராட்டியர் காலத்து 12 கோட்டைகள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஒரே தொகுதியாகச் சேர்க்கப்பட்டபோது, அவற்றுள் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருந்தது நம் செஞ்சிக் கோட்டை ஒன்றுதான். அதையொட்டி நான் பார்த்த படங்களில் ராஜகிரி உச்சியும் கல்யாண மகாலுமே திரும்பத் திரும்ப வந்தன. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்கம் ஆகிய மூன்று குன்றுகளையும் வளைத்துச் செல்லும் மதில்தான் செஞ்சியைக் கோட்டையாக்கியது என்பது அந்தப் படங்களில் தெரியவில்லை.

1677-இல் சிவாஜி இதைக் கைப்பற்றி அரண்களை வலுப்படுத்தினார். அவருடைய மகன் ராஜாராம் இங்கே அடைக்கலம் புகுந்தபின், ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் 1690-இல் முற்றுகையிட்டார். கோட்டை விழுந்ததோ 1698-இல். அத்தனை ஆண்டுகள் தாக்குப்பிடிக்க மதில் மட்டும் போதாது. மலைமேல் வற்றாத சுனைகள், அடிவாரத்தில் குளங்கள், கல்யாண மகாலுக்கு நீர் கொண்டுவந்த சுடுமண் குழாய்கள், வளைவுக் கூரையிட்ட பெரிய நெற்களஞ்சியங்கள் எல்லாம் சேர்ந்ததே அந்தக் காப்பு. ராஜகிரியில் கடைசி வாயிலுக்கு முன்னே பாறை இரண்டாகப் பிளந்து கிடக்கும். அதன்மேல் இருந்த மரப்பாலத்தை எடுத்துவிட்டால் ஏறி வந்த படை அங்கேயே நிற்க வேண்டியதுதான். தேசிங்கு ராஜன் கதையைப் பாடத் தெரிந்த நமக்கு இந்த ஏற்பாடுகள் தெரியாமல் போனது வியப்புதான்.

ஆகவே, பராமரிப்பும் வாயில்களோடும் மண்டபங்களோடும் நின்றுவிடாமல், மதில் நெடுகிலும் அகழியிலும் நீர்வழிகளிலும் நடக்க வேண்டும். பழைய மதிலுக்குப் பீரங்கியைவிடப் பெரிய எதிரி ஓர் அரசங்கன்று. பெயர் வேண்டாம், வேறொரு கோட்டையில் நான் கண்டதைச் சொல்கிறேன்: கல்லிடுக்கில் முளைத்த கன்றை யாரோ பலமுறை வெட்டியிருந்தார்கள், வெட்டிய இடம் முழங்கை பருமனுக்கு முண்டு கட்டி, அதிலிருந்து மறுபடியும் தளிர் விட்டிருந்தது. உள்ளே போன வேர் அருகிலிருந்த கல்லை இரண்டு விரல் அளவு வெளியே தள்ளியிருந்தது. வேரைச் சாகடித்துவிட்டு, அந்த இடுக்கைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைத்தாலொழிய வெட்டுவது வீண்வேலை. சற்றுத் தள்ளி சிமென்ட் பூசியிருந்தார்கள். சுண்ணாம்பு உள்ளே போன ஈரத்தை வெளியே விடும். சிமென்ட் அதை அடைத்து வைப்பதால் பக்கத்துச் செங்கல்லும் பழைய காரையும் உதிரத் தொடங்கும். கடுக்காயும் பனைவெல்லமும் சேர்த்துச் சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள்; அவர்களுக்குத் தொடர்ந்து வேலை கொடுத்தால்தான் அந்தக் கைப்பழக்கம் அடுத்த தலைமுறைக்குப் போகும்.

சுவரில் பெயர் கீறும் நம்மவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் 2 ஆண்டுகள் வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் சேர்த்து விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. இதை எல்லா வாயில்களிலும் கண்ணில் படும்படி எழுதி வைக்கலாம்.

வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் ஆண்டுதோறும் மதிலை முழுச் சுற்றும் நடந்து பார்த்து, முளைத்த கன்றுகளையும் அடைபட்ட நீர்த்தாரைகளையும் பதிவுசெய்து, அந்தப் பதிவேட்டைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்குமாறு பொறுப்பில் உள்ளவர்களைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்