பாதிப் பந்தயம்

அன்புள்ள குமரா,

எட்டு மாதமாக எழுதாததற்கு எந்தச் சாக்குச் சொன்னாலும் நீ நம்பப் போவதில்லை. வீட்டில் எல்லோரும் சுகம். என் முழங்கால் வலி அப்படியேதான். விஷயத்துக்கு வருகிறேன்.

வாத்தியார் நமக்கு வைத்த பெயர் ஞாபகம் இருக்கிறதா? நான் குழம்புக் கட்சி, நீ தண்ணீர்க் கட்சி. கிரானைட்டில் டாண்டலம் என்ற அரிய உலோகம் சேர்வதெல்லாம் பாறைக்குழம்போடு முடிந்துவிடும், பிறகு வரும் வெந்நீர் வேடிக்கை பார்க்கத்தான் லாயக்கு என்று இருபது வருஷமாகக் கத்தினேன். பாறையின் ஃபெல்ட்ஸ்பார் கனிமத்தையே சோடியம் மிகுந்த அல்பைட்டாக மாற்றிப்போட்ட தண்ணீர், டாண்டலம் தங்கும் கொலம்பைட் கனிமத்தைச் சும்மா விடுமா என்று நீ கேட்பாய்.

போன வாரம் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஒரு கொலம்பைட் மணி, அதாவது கனிமத் துகள். அரை மில்லிமீட்டர்கூட இல்லை. நடுவில் நியோபியம் என்ற உலோகம் அதிகம், மங்கல். விளிம்புக்குப் போகப் போக டாண்டலம், பளிச். ஒன்றின் அணு எண் 41, மற்றதன் எண் 73. கனத்த அணு எலக்ட்ரான்களை அதிகம் திருப்பி அனுப்பும் என்று உனக்குச் சொல்லவேண்டாம். வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக, அவ்வளவு ஒழுங்கு! குழம்பில் நியோபியம் மிகுந்த கொலம்பைட்டைவிட டாண்டலம் மிகுந்த டாண்டலைட் அதிகம் கரையும். அதனால் நியோபியம் முந்திப் படிகமாகிவிடும், டாண்டலம் பின்தங்கும். லித்தியமும் புளூரினும் மிகுந்த குழம்பு வெப்பம் நன்றாகக் குறைந்த பிறகும் உறையாமல் கிடக்கும், ஆகவே பின்தங்க அவகாசமும் உண்டு. ஜெயித்தேன் என்று துள்ளினேன்.

படத்தைப் பெரிதாக்கியதும் துள்ளல் நின்றது. அடுக்குகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு விரிசல். இரு பக்கமும் கறையான் அரித்த மாதிரி. அரித்த இடமெல்லாம் மைக்ரோலைட் என்ற வேறொரு டாண்டலக் கனிமம். அதற்கு வேண்டிய கால்சியமும் சோடியமும் கொலம்பைட்டில் ஏது? வெளியிலிருந்துதான் வந்திருக்கவேண்டும். கால்சியம், பக்கத்துப் பிளாஜியோகிளேஸ் என்ற ஃபெல்ட்ஸ்பார் அல்பைட்டாக மாறும்போது விட்டதாக இருக்கும். சரி, உன் தண்ணீரேதான்.

ரொம்பக் குதிக்காதே. டாண்டலம் முன்பே அங்கே இருந்தது. தண்ணீர் அதை முடியளவு நகர்த்தியது, அவ்வளவுதான். மங்கோலியாவின் ஓங்கோனைட்டையும் மறந்துவிடாதே. 1971-லேயே விவரித்துவிட்டார்கள்: பாறை வெடிப்பில் சுவர் போல, டைக்காக ஏறிச் சட்டென்று ஆறிய பாறை, அதிலும் இதே லித்தியம், இதே புளூரின். அவற்றைக் கொண்டுவந்தது குழம்புதான், தண்ணீர் அல்ல.

உறுத்துவது வேறொன்று. இந்த விரிசல் என் பழைய பாறைச் சீவல் ஸ்லைடுகளிலும் இருந்திருக்கும். "சிதைந்த மணி, விடு" என்று நானே எத்தனையை ஒதுக்கினேன்! அளந்த புள்ளிகள் அத்தனையும் அழகான மணிகளில். குழம்புக் கட்சி ஜெயிக்காமல் என்ன செய்யும்? இரண்டு இரவாகத் தூக்கமில்லை.

பழைய பெட்டியை இறக்கி மறுபடி பார்க்கிறேன். மூன்று ஸ்லைடு முடிந்தது. இரண்டில் விரிசல் இருக்கிறது. உன்னிடம் உள்ளவற்றையும் அனுப்பு. பந்தயப் பணத்தில் பாதிதான் தருவேன்.

உன்,
சேது