அந்தச் ‘சில அமைப்புகள்’ யார்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மியன்மார் இராணுவம் அமைதிப் போராட்டங்களை நசுக்குவதை, வெளிநாடுகளில் தஞ்சமடைந்துள்ள ‘சில சிறுபான்மை அமைப்புகள்’ கண்டித்திருப்பதாக உங்கள் நாளிதழின் உள்பக்கத்தில் நான்கு வரிச் செய்தி பார்த்தேன். பக்கத்திலேயே மாங்கூழ் விலை பற்றி அரைப் பக்கம். குறை சொல்லவில்லை. முப்பது வருடம் மாம்பழ மண்டியில் கணக்கு எழுதியவன், அதையும் முழுசாகப் படித்தேன். அந்தச் ‘சில’தான் உறுத்தியது.

நான் ரங்கூனில் பிறந்தவன். 1962 ஜூலையில் எனக்கு ஏழு வயது. இராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. பல்கலைக்கழகத்தில் திரண்ட மாணவர்களைச் சுட்டார்கள். மறுநாள் விடிகாலை மாணவர் சங்கக் கட்டடத்தை வெடி வைத்துத் தகர்த்தார்கள். எங்கள் வீட்டு அலமாரியில் கண்ணாடி டம்ளர்கள் கிணுகிணுத்தன. “ஒன்றுமில்லை, தூங்கு” என்றார் அப்பா. அவருக்கு அது பர்மியர் விவகாரம்.

இரண்டே வருடத்தில் எங்கள் விவகாரம் ஆகிவிட்டது. கடைகளை அரசுடைமை ஆக்கினார்கள். 1964 மே மாதம் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். அப்பாவின் மளிகைக் கடைச் சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டு ஒரு ரசீது கொடுத்தார்கள். இன்னும் என்னிடம் இருக்கிறது, மடித்த இடங்களில் மட்டும் எழுத்து போய்விட்டது. கப்பல் ஏறும் முன் அம்மாவின் தோட்டையும் கழற்றி வாங்கினார்கள். எங்களுக்காக எந்தப் பர்மியரும் வாய் திறந்ததாக எனக்கு நினைவில்லை.

அதனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். 2021 பிப்ரவரி 1 அன்று இராணுவம் ஆட்சியைப் பிடித்து, மக்கள் தேர்ந்தெடுத்த தலைவி ஆங் சான் சூச்சியைச் சிறை வைத்தது என்றதும் ‘நன்றாக வேண்டும்’ என்றுதான் எனக்குத் தோன்றியது. 2017இல் இராணுவத்துக்குப் பயந்து, அங்குள்ள முஸ்லிம் சிறுபான்மையினரான ரோஹிங்கியா மக்கள் ஏழு லட்சம் பேர் வங்கதேசத்துக்கு ஓடினார்களே, அந்த வழக்கில் ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றம் வரை போய் மியன்மார் பக்கம் வாதாடியவர் அல்லவா அவர்?

அப்புறம் பேரன் செல்போனில் ஒரு வீடியோ காட்டினான். இரவு எட்டு மணி. இராணுவ ஆட்சியை எதிர்த்து மியன்மாரில் மாடிக்கு மாடி, ஜன்னலுக்கு ஜன்னல் பானை, சட்டி, எண்ணெய் டின் என்று தட்டுகிறார்கள். கெட்ட ஆவியை விரட்ட அங்கே அப்படித் தட்டுவது வழக்கம். முந்தின வருடம்தான் பழையபேட்டையில் நாங்களும் கொரோனாவுக்குத் தட்டைத் தட்டியிருந்தோம். எங்களை நோக்கி யாரும் துப்பாக்கி நீட்டவில்லை. மார்ச் 3ஆம் தேதி மாண்டலேயில் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி சுடப்பட்டாள். தன் இரத்த வகையையும், செத்தால் உறுப்புகளைத் தானம் செய்யுங்கள் என்பதையும் எழுதி வைத்துவிட்டு ஊர்வலத்துக்குப் போனவள். அந்த நாட்களில்தான் பர்மிய இளைஞர்கள் பலர் ‘அன்று பேசாமல் இருந்துவிட்டோம், மன்னியுங்கள்’ என்று ரோஹிங்கியாக்களுக்கு எழுதினார்கள். ஐம்பத்தேழு வருடம் கழித்து, எங்களுக்கும் சேர்த்து எழுதியதாக எடுத்துக்கொண்டேன்.

“ஓடிவந்தவர்கள் அறிக்கை விட்டு என்ன ஆகப்போகிறது?” என்று டீக்கடையில் ஒருவர் கேட்டார். அகதி அறிக்கை விடுவது நான் உங்களுக்குக் கடிதம் போடுவது மாதிரி அல்ல. இவர் இங்கே கையெழுத்துப் போட்டால் அங்கே அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். சின் மாநிலத்துத் தண்ட்லாங் என்ற ஊரையே 2021இல் கொளுத்தினார்கள். சரி, இந்தப் பக்கமாவது கால் ஊன்ற இடம் உண்டா? நம் நாட்டில் அகதிகளுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. அந்த வருடம் மார்ச்சில், எல்லையிலேயே தடுத்துவிடுங்கள் என்று மத்திய உள்துறை எழுதியது. வருகிறவர்கள் எங்கள் இரத்த உறவு, விரட்ட மாட்டோம் என்றது மிசோரம். காகிதம் இல்லாதவன் நாலு பேர் நடுவில் கை தூக்க எத்தனை தடவை யோசிப்பான் என்று, ஊத்தங்கரைப் பக்கம் பாம்பாறு அணை முகாமில் இருக்கும் ஈழத்தமிழரைக் கேட்டுப் பாருங்கள்.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். மியன்மார் அரசிடம் 135 இனங்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் ரோஹிங்கியா இல்லை, தமிழனும் இல்லை. பட்டியலில் இல்லாதவனுக்கு என்ன நடக்கும் என்பதற்கு என் வீட்டு ரசீதே சாட்சி. இருக்கிறவர்கள் மட்டும் என்ன சுகப்பட்டார்கள்? சின், கச்சின், ஷான் தலைவர்கள் 1947 பிப்ரவரி 12இல் சூச்சியின் அப்பாவான விடுதலைத் தலைவர் ஆங் சானோடு பாங்லாங் என்ற ஊரில் ஒப்பந்தம் போட்டுத்தான் ஒன்றியத்தில் சேர்ந்தார்கள். சம உரிமை என்று சொன்னது காகிதத்தோடு சரி. அப்படிப்பட்டவர்கள் துணிந்து பெயரைப் போட்டு அனுப்பியதைத்தான் உங்கள் செய்திப் பிரிவு ‘சில’ என்று சுருக்கிவிட்டது.

அடுத்த முறை அந்தப் பெயர்களை அப்படியே போடுங்கள் ஐயா. இடம் போதாவிட்டால் என் கடிதத்தில் வெட்டிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மண்டிக் கணக்கர்,
பழையபேட்டை, கிருஷ்ணகிரி.