இயந்திரங்களுக்கு முன் ஒருங்கிணைப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

இடிபாட்டு மீட்புப் பணிக்குக் கூடுதல் இயந்திரங்கள் வாங்குவதை வரவேற்ற தங்கள் தலையங்கம் கண்டேன். இயந்திரங்கள் தேவைதான், ஆனால் களத்தில் ஒரே தலைமை அதனினும் முந்தைய தேவை. தன்னார்வலராக நான் பணியாற்றிய ஓர் இடிபாட்டில், ஒரு குழு தேடி முடித்த அறையையே அடுத்த குழுவும் குடைந்துகொண்டிருந்தது. பக்கத்து அறையை யாரும் தொடவே இல்லை. சுவரில் ஓர் அடையாளம் இட்டிருந்தால் போதும்.

1991இல் ஐ.நா. ஆதரவில் உருவான 'இன்சராக்' என்னும் பன்னாட்டுத் தேடல், மீட்பு ஆலோசனைக் குழு இதற்கு நெறிமுறை வகுத்திருக்கிறது. தேடிய குழு, நேரம் முதலியவற்றைக் கட்டடத்தில் எழுத வேண்டும்; ஒரு நீண்ட ஒலி எழுந்தால் எல்லா இயந்திரங்களும் அடங்க வேண்டும். அந்த அமைதியில்தான் உள்ளிருப்பவரின் முனகல் கேட்கும். காவல், தீயணைப்பு, மருத்துவத் துறையினரும் தன்னார்வலர்களும் சேர்ந்து பயிலும் கூட்டு ஒத்திகைக்கு, இயந்திரங்களுக்கான நிதியிலேயே ஒரு பங்கை ஒதுக்கலாம்.