மேய்க்காலை அளந்து கல் ஊன்றுங்கள்

புறம்போக்கு நிலங்களுக்குப் பொறுப்பான அரசு உயர் அலுவலர்களுக்கு வணக்கம்.

போன வாரம் என் சித்தியின் ஆடுகளில் ஐந்து லாரியில் அடிபட்டுச் செத்தன. அதில் இரண்டு சினையாடு. "ஆட்டை ரோட்டுக்கு ஏன் ஓட்டிட்டு வந்தே?" என்று வந்தவர்கள் எல்லோரும் அவரையே கேட்டார்கள். சித்தி பதில் சொல்லவில்லை. செத்த ஆட்டின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பதிலை நான் உங்களிடம் சொல்கிறேன்.

எங்கள் ஊர் நிலக் கணக்கான 'அ' பதிவேட்டில் மேய்க்கால் புறம்போக்கு, அதாவது ஆடு மாடு மேய ஒதுக்கிய அரசு நிலம், என்று இன்றைக்கும் ஒரு புல எண் இருக்கிறது. சித்தி வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான். போய்ப் பார்த்தால் முள்வேலியும் தென்னந்தோப்பும் நிற்கின்றன. அதனால் அவர் தினமும் சாலையைத் தாண்டி, இரண்டு மைல் தள்ளி, அறுப்பு முடிந்த புஞ்சைக்கு ஆட்டை ஓட்டுகிறார். இரண்டு பக்கமும் வண்டி வந்தால் நடுச்சாலையில் கையை விரித்துக்கொண்டு நிற்பார். அறுபது வயதைத் தாண்டியவர், முழங்கால் மடங்காது. விதைப்புக் காலத்தில் அந்தப் புஞ்சையும் கிடையாது, சாலையோரப் புல்தான்.

மலைக்குப் போகலாமே என்று கேட்கலாம். 2021இல் எங்கள் மலை ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் வந்துவிட்டது. புலிகள் காப்பகங்களில் மேய்ச்சல் கூடாது என்று 2022இல் சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது. காடு பிழைக்க வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் காட்டுக்குள் வராதே என்ற பிறகு, ஊருக்குள் இருக்கும் மேய்ச்சல் தரையையாவது மீட்டுக் கொடுக்க வேண்டாமா?

ஆக்கிரமிப்பு நடக்கும் விதம் உங்களுக்குத் தெரியாததில்லை. முதலில் முள்ளை வெட்டிப் போடுவார்கள். அப்புறம் போர்வெல், தென்னங்கன்று, கரண்ட். நீங்கள் பி மெமோ என்ற ஆக்கிரமிப்பு நோட்டீஸ் கொடுத்து அபராதம் வாங்குவீர்கள். பத்து வருடம் கழித்து அந்த ரசீதையே, நெடுநாள் அனுபவித்ததால் வரும் உரிமையான அனுபவ பாத்தியத்துக்குச் சான்றாக நீட்டுவார்கள். 1905ஆம் வருடத்து ஆக்கிரமிப்புச் சட்டம் உங்கள் கையில்தான் இருக்கிறது. 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், புறம்போக்கு என்ற நம் சொல்லையே சொல்லி, பொது நிலங்களை மீட்டு ஊருக்குத் திருப்பித் தரும்படி எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. நெடுநாள் அனுபவித்ததும், செலவழித்ததும், அரசியல் செல்வாக்கும் காரணம் ஆகாது என்றது. நிலமற்ற கூலிகளுக்குக் குத்தகை விட்ட இடம், பள்ளி, மருந்தகம் போன்றவற்றுக்குத்தான் விலக்கு. எங்கள் மேய்க்காலில் பள்ளியும் இல்லை, ஏழையின் குடிசையும் இல்லை.

வருடந்தோறும் வருவாய்க் கணக்கைச் சரிபார்க்கும் ஜமாபந்தியில் நான்கு முறை மனு கொடுத்தோம். கிராம சபையில் தீர்மானம் போட்டோம். "சர்வேயர் வருவார்" என்ற ஒரே பதிலை வருடாவருடம் கேட்கிறோம். அளந்து கல் ஊன்றுங்கள் என்பதற்கு மேல் நாங்கள் எதுவும் கேட்கவில்லை.

அரசுக்கு நிலம் வேண்டுமென்றால் மட்டும் எல்லாம் விரைவாக நடக்கிறது. 2023இல் நில ஒருங்கிணைப்புச் சட்டம் வந்தது. 100 ஹெக்டேருக்குக் குறையாத பெரிய திட்டம் என்றால் ஏரியும் ஓடையும் உள்ள நிலத்தைக்கூட ஒன்றுசேர்த்துக் கொடுக்க அதில் வழியிருக்கிறது. அவ்வளவு பெரிய திட்டத்துக்குச் சட்டம் போட முடிந்த அரசால், எங்கள் ஊருக்கு ஒரு சர்வேயரை அனுப்ப முடியவில்லை. மேய்க்கால் வெறும் தரிசு இல்லை. அதில் விழும் மழைதான் எங்கள் கண்மாய்க்கு வருகிறது.

கோபத்தில் வேறெங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவாகவே கேட்கிறேன்: ஐப்பசி மழைக்கு முன்னால் அந்தப் புல எண்ணை அளந்து, நான்கு எல்லையிலும் கல் ஊன்றி, வேலியை எடுத்துக் கொடுங்கள். சர்வேயர் வரும் நாளை முன்கூட்டிச் சொன்னால் போதும். நிலம் அளக்கும் சங்கிலி பிடிக்க ஊரில் நாங்கள் இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஆட்டுக்காரர் வீட்டுப் பிள்ளை